மில் பாபினும் தூண்டில் ரீலும்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். சிவகாசியில் அச்சகத்தில் வேலை. லீவு கிடைத்தால் வெம்பக்கோட்டை அணைப் பக்கம் தூண்டிலோடு போய்விடுவான். கையில் ஸ்பின்னிங் ரீல், முகத்தில் கவலை. "புதுசா பின்னல் நூல் வாங்கிச் சுத்தினேன் சார். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நூல் பாட்டுக்கு ஓடுது. நல்ல விரால் ஒண்ணு போயிருச்சு" என்றான்.

அப்போது என் நண்பரும் கூட இருந்தார். ராஜபாளையத்து மில் ஒன்றில் கோன் வைண்டிங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது நம்ம மில்லு பாபின்லய்யா!" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது அப்படியே வரலாறு. மில்லில் கோன் சுற்றும்போது பாபின் உருளாது. நிலையாக நிற்கும், நூல் அதன் தலைவழியாகக் கழன்று வரும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பக்கம் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இதே முறையில் ஒரு தூண்டில் ரீல் செய்து 1905-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் வழக்கத்தில் இருந்த ரீல்களில் வீசும்போது உருளையே சுழல வேண்டும். சின்ன எடையால் அதைச் சுழற்ற முடியாது. உருளை நின்றுவிட்டதால் சின்னத் தூண்டிலும் தூரம் போனது. நம் பக்கம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்கு 31 வருஷம் முன்பே நூற்பாலை அறிவு தூண்டிலுக்குப் போய்விட்டது.

அன்றைய ரீலில் ஓடியது பட்டு நூல். நம் கடலோரத்து வலைகளோ பருத்தி. நனைந்த பருத்தி மக்கும் என்பதால் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்ப்பார்கள், கரையில் உலர்த்துவார்கள். சிறுவயதில் நாங்கள் மூன்று இழையைத் தொடையில் வைத்து முறுக்கி, சோளத்தட்டையைத் தக்கையாகக் கட்டிக் கண்மாயில் போடுவோம். ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. (முறுக்குவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. வெம்பக்கோட்டை அகழாய்வில் சுடுமண் தக்களி கிடைத்திருக்கிறது.)

1935-இல் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடித்தார். கம்பெனி அதை உலகுக்கு அறிவித்தது 1938-இல். அவர் 1937-லேயே இறந்துவிட்டார். அந்த ஒற்றை இழைதான் நாம் தங்கூசி என்று சொல்லும் நரம்பு. மக்காது, மலிவு, முடிச்சு நிற்கும். ஸ்பின்னிங் ரீல் உலகமெங்கும் பரவியது அதன் முதுகில் ஏறித்தான். ஆனால் நீளும். தூரத்தில் மீன் கொத்தினால் கைக்குச் சேதி மந்தமாக வரும். உருளையின் சுருளையும் மறக்காது.

பிறகு நெதர்லாந்தின் டி.எஸ்.எம். ஆய்வகத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1979-வாக்கில் ஒரு வழி கண்டார்கள். பாலித்தீன்தான், நம் கடைப் பைக்குச் சொந்தக்காரன். அதன் மிக நீண்ட மூலக்கூறுகளைக் கரைத்துக் கூழாக்கி இழுத்தால், எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவான இழை. அதை நான்கு புரி, எட்டுப் புரியாகப் பின்னியதுதான் இவன் வாங்கிய நூல். அதே வலுவுக்கு நரம்பைவிட மிக மெல்லியது, ஏறக்குறைய நீளவே நீளாது, தண்ணீரில் மிதக்கும். பட்டு நூல் போன இடத்துக்குப் பல இழை நூல் திரும்பி வந்தது போல எனக்குப் பட்டது.

குறை என்னவென்றால், வழவழப்பு. நீளாததால் உருளையை இறுக்கிப் பிடிக்கவும் செய்யாது. நண்பர் ஸ்பூலை விரலால் அழுத்தி நூலை இழுத்தார். நூல் மொத்தமும் ஸ்பூல் மேலேயே சுற்றி வழுக்கியது. "டிராக் மேல தப்பில்ல தம்பி. அடியில பத்துப் பதினைஞ்சு சுத்து தங்கூசி போடு, அதுல இதைக் கட்டு. ஈரத்துணியில பிடிச்சு இறுக்கிச் சுத்து. வாய் வரைக்கும் ரொப்பாத, வீசினதும் கம்பியைக் கையால மூடு, சிக்கு விழாது" என்றார். மீன் பிடிப்பதை அவர் பார்த்ததோடு சரி!

பையன் அங்கேயே உட்கார்ந்து மாற்றினான். எனக்கு வேறொன்று உறுத்தியது. "சிக்கு விழுந்த நூலை எல்லாம் என்னப்பா செஞ்ச?"

"அறுத்துக் கரையிலதான் சார் போட்டேன்."

எங்கள் பருத்தி நூலைக் கண்மாயே தின்றுவிடும். இதைத் தின்ன அதனால் முடியாது. பறவைகளையும் மனிதர்களையும் அறுக்கிறது என்றுதானே 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை இழை மாஞ்சா நூலைத் தடை செய்தது.

மறுநாள் விடியலில் மூவரும் போனோம். கரையில் கொஞ்சம் கிடந்தது. மீதி, கொக்குகள் வந்து உட்காரும் கருவேல மரத்தில் கொப்புக்குக் கொப்பு சுற்றியிருந்தது. பல்லால் கடித்தான், அறவில்லை. தீக்குச்சி உரசினான், சிவகாசிக்காரன் பையில் அதற்கா பஞ்சம்! நூல் சுருண்டு உருகி உருண்டையானது. எரித்து அழிக்கிற வேலை ஆகாது என்று நண்பர் மடியிலிருந்து கத்தரியை எடுத்தார். வெயில் ஏறும்வரை வெட்டினோம். ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது.