முள்ளெலும்பு ஹீமாஞ்சியோமா: எம்.ஆர்.ஐ. எழுப்பும் ஐயமும் சி.டி.யின் சாட்சியமும்

முதுகுவலிக்காக எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் தேடாமலே அடிக்கடி கண்ணில் படுவது முள்ளெலும்பு ஹீமாஞ்சியோமா. பிரேதப் பரிசோதனைத் தொகுப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு முதுகெலும்பில் இந்த இரத்தக்குழாய்க் கட்டி இருந்தது. தொல்லை தருபவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. ஆகவே பெரும்பாலானவை அறிக்கையில் ஒரு வரியோடு முடிவது சரியே. வழக்கமான சாயலில் வராதவைதான் சிக்கல். அவற்றை எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பிப் புற்று எனச் சந்தேகிப்பதும், உடனே ஊசி குத்தித் திசு எடுப்பதும் அவசர முடிவுகள். அதற்கு முன் அந்த முள்ளெலும்பை மட்டும் மெல்லிய சீவல்களாகச் சி.டி. எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் கட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. மெல்லிய சுவருள்ள குழாய்களும் அவற்றிடையே கொழுப்பும் எலும்பின் உட்பகுதியை நிரப்புகின்றன. கிடைமட்ட எலும்பிழைகள் கரைய, எஞ்சிய செங்குத்து இழைகள் பளுவைத் தாங்கித் தடிக்கின்றன. எக்ஸ்ரேயில் இவை நெடுங்கோடுகள், சி.டி.யின் குறுக்குவெட்டில் கரும்பரப்பில் இட்ட கோலப் புள்ளிகள்.

எம்.ஆர்.ஐ. பெரிதும் காட்டுவது கொழுப்பையும் நீரையும். கொழுப்பு மிகுந்த கட்டி டி1, டி2 என்னும் இருவகைப் படங்களிலும் வெளுத்துத் தெரியும், ஐயத்துக்கு இடமில்லை. கொழுப்பு குறைந்து குழாய்கள் மிகுந்தால் டி1-இல் கருத்தும், கொழுப்பை அடக்கிய படங்களில் வெளுத்தும், சாயம் ஏற்றினால் பளிச்சென்றும் தோன்றும். எலும்புக்குப் பரவிய புற்றும் மைலோமாவும் இதே தோற்றம் தரலாம். ஆனால் கொழுப்பு குறைந்தாலும் தடித்த இழைகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும். எலும்பை அரிக்கும் புற்றோ அவற்றையே அழித்துவிடும். சி.டி.யின் சாட்சியம் இங்குதான் பயன்படுகிறது.

வழக்கத்துக்கு மாறான தோற்றத்தையும் மூர்க்க வளர்ச்சியையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கதிரியக்க மருத்துவர் லாரெதோவின் குழுவினர் 1986-இல் தண்டுவடத்தை அழுத்தக்கூடிய கட்டிகளின் அடையாளங்களைத் தொகுத்தனர்: மூன்றாவது முதல் ஒன்பதாவது வரையிலான மார்பு முள்ளெலும்பு, முள்ளெலும்பின் உடற்பகுதி முழுதும் பரவல், பின்வளைவுக்கு நீட்சி, ஒழுங்கற்ற தேன்கூட்டு அமைப்பு, புடைத்து மங்கிய புறவோடு, வெளியே மென்திசுத் திரள். 1990-இல் கொழுப்பு மிகுதி அமைதிக்கும், டி1 கருமை வீரியத்துக்கும் அறிகுறி என்றனர். இந்தக் கருமை எச்சரிக்கை மட்டுமே. தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்பதே தீர்ப்பு. அதை எம்.ஆர்.ஐ.தான் சொல்ல முடியும்.

சி.டி.க்கும் வரம்புண்டு. கதிர்வீச்சு உண்டு, ஒரு முள்ளெலும்போடு நிறுத்தினால் அளவு குறையும். பேஜட் நோயிலும் இழைகள் தடிக்கும். ஆனால் அங்குப் புறவோடும் தடித்து எலும்பு பெரிதாகும். சி.டி.யும் கைவிட்டால், குறிப்பாக ஏற்கெனவே புற்றுள்ளவரிடம், இரத்தக்கசிவை எதிர்பார்த்தே திசு எடுக்க வேண்டும்.

எனவே ஐயத்துக்குரிய கட்டி பற்றிய அறிக்கை நான்கைச் சொல்ல வேண்டும்: கொழுப்பின் அளவு, இழைகளின் அமைப்பு, புறவோட்டின் நிலை, தண்டுவடக் கால்வாய்க்குள் நீட்சி. சிகிச்சைத் தேர்வு இவற்றைச் சார்ந்தது. 1984-இல் பிரான்சில் மருத்துவர்கள் கலிபெர், தெரமோன் இருவரும் முதன்முதலாக முள்ளெலும்புக்குள் எலும்புச் சிமெண்ட் செலுத்திச் சிகிச்சையளித்ததே கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பிலிருந்த ஹீமாஞ்சியோமாவுக்குத்தான். இன்றும் பின்சுவர் உடைந்திருந்தால் அந்தச் சிமெண்ட் கால்வாய்க்குள் கசியக்கூடும். கண்காணிப்பா, சிமெண்டா, இரத்தக்குழாயை அடைத்த பின் அறுவையா என்பதை அந்த நான்கு விவரங்களிலிருந்தே அறுவை மருத்துவர் முடிவுசெய்கிறார். வெறும் பெயர் அதற்குப் போதாது.