மலிவு விலை மல்லிகை அத்தர்: குப்பிக்குள் இருப்பது என்ன?

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் கடைகளிலும் ஏனைய தெற்காசியக் கடைகளிலும் காசு செலுத்தும் மேசைக்கு அருகே சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பிகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மல்லிகை, ரோஜா, தாழம்பூ, சந்தனம் என்று பெயர் ஒட்டியிருக்கும். 5 பவுண்ஸ் கொடுத்தால் ஒரு குப்பி வாங்கிவிடலாம். பெரிய நிறுவனம் ஒன்றின் வாசனைத் தெளிப்பானுக்குக் கொடுக்கும் பணத்தில் இதில் பத்துக் குப்பி வாங்கலாம். இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்? உள்ளே இருப்பது மல்லிகைதானா? ஒரு சிறு கிரயக் கணக்குப் போட்டாலே விடை தெரிந்துவிடும்.

அத்தர் செய்யும் முறை

அத்தருக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். அங்கே பூவையும் தண்ணீரையும் செப்புப் பானையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, அடுப்பில் காய்ச்சுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு செப்புக் கலத்தில் குளிர்ந்து இறங்குகிறது. அந்தக் கலத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணத்தை அதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தன மரம் அருகி விலை ஏறியபின், பலர் திரவப் பரபின் போன்ற மலிவான எண்ணெய்களுக்கு மாறிவிட்டனர்.

மல்லிகையின் மணம் வெப்பம் பட்டால் எளிதில் கெடும். ஆகவே இன்று வாசனைத் தொழிலுக்கான மல்லிகையைப் பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு எடுக்கிறார்கள். முதலில் மெழுகு போன்ற பொருள் கிடைக்கும். அதை அல்கஹோலில் கரைத்து மெழுகை நீக்கினால் எஞ்சுவதே தூய சாறு. தமிழ்நாட்டில் விளையும் மல்லிகையின் ஒரு பகுதி அங்கேயே இவ்விதம் சாறாக்கப்பட்டு வெளிநாட்டு வாசனை நிறுவனங்களுக்குப் போகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கிலோ தூய சாறு எடுக்கச் சுமார் 700 முதல் 1,000 கிலோ பூ தேவை. 10 மில்லிலீட்டர் குப்பியில் ஏறக்குறைய 10 கிராம் எண்ணெய் இருக்கும். அது முழுவதும் தூய சாறு என்றால் 7 முதல் 10 கிலோ மல்லிகை வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் சாறு, மிகுதி வெறும் எண்ணெய் என்று வைத்தாலும் 350 முதல் 500 கிராம் பூ வேண்டும். அத்தனையையும் கையால் ஒவ்வொன்றாகக் கொய்ய வேண்டும். பூவின் விலை, பறிகூலி, சாறெடுக்கும் செலவு, குப்பி, கப்பல் கூலி, சுங்க வரி, கடை வாடகை, கடைக்காரரின் இலாபம் எல்லாவற்றையும் 5 பவுண்ஸுக்குள் அடக்க வேண்டும். எந்தக் கணக்காளர் எழுதினாலும் இந்த ஐந்தொகை சமப்படாது.

அப்படியானால் மணப்பது எது?

மல்லிகை மணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் கலந்துள்ளன. அவற்றுள் முக்கியமான ஒன்று பென்சைல் அசிற்றேற். பூவில் உள்ள அதே பொருளைத் தொழிற்சாலையில் மிகக் குறைந்த செலவில் செய்யலாம். அதனுடன் லினலூல் போன்ற வேறு சிலவற்றையும் சேர்த்தால் மல்லிகைச் சாயல் வந்துவிடும். இயற்கைச் சாற்றின் ஆழம் இராது. சற்றுக் கூர்மையாக மணக்கும்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மல்லிகைச் சாயல் தரும் ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள், 1966இல் வெளிவந்த டியோர் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஓ சோவாஜ்' வாசனையிலேயே பயன்பட்டது. விலை உயர்ந்த குப்பிகளிலும் செயற்கைப் பொருட்கள் உண்டு. உள்ளே அவை மட்டும் இருக்க, வெளியே 'நூறு வீதம் தூய பூச்சாறு' என்று ஒட்டி விற்பதுதான் ஏமாற்று.

ஏன் விரும்பப்படுகிறது?

விலை முதற் காரணம். அல்கஹோல் கலக்காததால் முஸ்லிம் மக்கள் பலர் இதையே விரும்புகின்றனர். எண்ணெய் மெதுவாக ஆவியாவதால் ஒரு துளி நெடுநேரம் நிற்கும். மணம் உடலோடு ஒட்டியே இருப்பதால் பேருந்திலும் வேலையிடத்திலும் அடுத்தவருக்குத் தொந்தரவில்லை.

எம்மவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர் நாட்டில் மல்லிகைச் சரம் விமானத்தில்தான் வரவேண்டும். விலையும் அதிகம், வந்து சேரும்போதே பாதி வாடியிருக்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் ஒரு தாய் சரத்துக்குப் பதிலாக ஒரு துளி தொட்டுக்கொள்கிறார் என்றால், அவர் வாங்கியது ஊரின் மணம். அந்த விலைக்கு அது நியாயமான பண்டம்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

குப்பியிலோ பெட்டியிலோ உள்ளடக்கப் பட்டியலும் பொறுப்பான நிறுவனத்தின் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாததை வாங்காதீர்கள்.

ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியாக இருந்தது. 2023இல் வந்த புதிய விதி அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக விரித்தது. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருட்களுக்கு இது 2026 ஜூலை 31 முதல் பொருந்தும். லிலியல் என்ற பூமணப் பொருள் 2022 மார்ச் 1 முதல் அங்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அந்தப் பெயர் உள்ள பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ விட்டுவிடுங்கள். குழந்தைகளின் தோலில் தடவாதீர்கள். பட்டுச் சேலையில் எண்ணெய்க் கறை போகாது. ஆகவே உடுக்க முன்னரே தோலில் தடவிக் காயவிடுங்கள். வெயில் படாத இடத்தில் வைத்தால் மணம் நீடிக்கும்.