ரோஜாப் பருவமும் குழந்தைகளின் மூச்சும்

மருத்துவ மேதை முஹம்மது இப்னு ஸகரிய்யா அல் ராஸீ (மறைவு ஹிஜ்ரி 313 / கி.பி. 925) எழுதிய சிறு நூல்களுள் ஒன்றுக்கு நீண்டதொரு பெயர் உண்டு. வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அபூ ஸைத் அல் பல்கீக்கு ஸுகாம், அதாவது நீர்க்கோவை, ஏற்படுவதன் காரணம் பற்றியது என்பது அப்பெயரின் பொருள். நோயாளி யார், பருவம் எது, பொருள் எது என்னும் மூன்றும் பெயரிலேயே அடங்கியிருப்பது நோக்கத்தக்கது. நோயாளியான பல்கீயும் (மறைவு ஹிஜ்ரி 322 / கி.பி. 934) உடல், உள்ளம் இரண்டின் நலத்தையும் ஒருங்கே ஆராயும் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை இயற்றிய பேரறிஞரே.

இந்நூலைச் சுட்டி, ஒவ்வாமையை உலகுக்கு முதலில் அறிவித்தவர் நம்மவரே என்று பெருமிதம் கொள்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அப்பெருமிதம் ஓரளவே பொருந்தும். ராஸீ தம் காலத்து நால்வகை உடல்நீர்க் கோட்பாட்டின் சொற்களிலேயே சிந்தித்தவர். இன்று நாம் ஒவ்வாமை என்று வழங்கும் கருத்து அவரிடம் இல்லை. ஒரே தோட்டத்தில் பலர் உலவ, ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒரு பருவத்தில் மட்டும், இந்நோய் ஏன் என்ற வினாவே அவருடைய சிறப்பு. கலேனின் கூற்றுகளுள் தமக்கு உடன்பாடற்றவற்றை ‘அஷ்ஷுகூக் அலா ஜாலீனூஸ்’ என்னும் நூலில் அவர் துணிந்து ஐயுற்றார். நோயாளியை அவர் வாழும் சூழலோடு சேர்த்துக் காண்பதும், ஆசான்கள் சொன்னதாயினும் கண்டதோடு ஒத்துப்பார்ப்பதும் ஆகிய இவ்விரு பழக்கங்களே அவர் விட்டுச்சென்ற செல்வம் எனலாம். குழந்தைகளின் ஆஸ்துமா பற்றிய கடந்த நூறாண்டு ஆராய்ச்சி இவ்விரு பழக்கங்களாலேயே முன்னேறியது. அவற்றைக் கைவிட்டபோது தடுமாறியது.

ஆஸ்துமாவை அரபு மருத்துவர்கள் ‘ரப்வு’ என்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன், உயர்குடி நோயாளி ஒருவருக்காக ரப்வு பற்றி அரபு மொழியில் 13 இயல்கள் கொண்ட நூலொன்றை எழுதினார். உணவு, உறக்கம், காற்று, மனநிலை ஆகியவற்றை அது விரித்துரைக்கிறது. பல்கீயைப் போலவே இந்நோயாளியும் வளர்ந்தவரே. குழந்தை நோய்கள் பற்றி ராஸீயின் பெயரால் வழங்கும் சிறுநூல் லத்தீன் மொழிபெயர்ப்பில் நிலைத்திருப்பினும், குழந்தையின் மூச்சு தனியொரு ஆராய்ச்சிப் பொருளாவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வியன்னாவின் குழந்தைகள்

‘அலர்ஜி’ என்னும் சொல்லே குழந்தை மருத்துவரின் படைப்பு என்பதைப் பலர் அறியார். தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்குக் குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரம் ஊசியாக ஏற்றப்பட்ட காலம் அது. உயிர் காத்த அந்த மருந்தே சில குழந்தைகளுக்குக் காய்ச்சலையும் தடிப்பையும் தந்தது. இரண்டாம் முறை ஏற்றியபோது அவை விரைந்து தோன்றின. வியன்னாவைச் சேர்ந்த கிளமென்ஸ் ஃபான் பிர்கே, தம் தோழர் பேலா ஷிக்குடன் இதைக் கூர்ந்து நோக்கி 1905இல் நூலாக வெளியிட்டார். காக்கும் ஆற்றலும் நோய் செய்யும் ஆற்றலும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன என்று கண்ட அவர், உடலின் இம்மாறுபட்ட எதிர்வினைக்கு 1906இல் கிரேக்க வேர்ச்சொற்களைக் கொண்டு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார்.

தாய்மீது சுமத்தப்பட்ட பழி

இவ்வளவு தெளிவாகத் தொடங்கிய பாதை இடையில் திசைமாறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆஸ்துமா உள்ளத்தின் நோய் என்னும் கருத்து அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றது. குழந்தையின் இழுப்பு தாய்க்காக எழும் அடக்கப்பட்ட அழுகை என்று உளப்பகுப்பாய்வாளர்கள் விளக்கினர். தாயின் அளவுகடந்த பற்றோ, அன்பின்மையோ நோய்க்குக் காரணமாகக் கூறப்பட்டது. மருத்துவர் முர்ரே பெஷ்கின், நோய் தணியாத குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து நெடுங்காலம் பிரித்துவைக்கும் முறையை வலியுறுத்தினார். உறுப்பை அறுத்து நீக்குவதுபோல் பெற்றோரை நீக்குவது என்னும் பொருளில் அதற்கு அறுவை மருத்துவச் சாயல் கொண்ட பெயரும் சூட்டினார். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரிலிருந்த ஆஸ்துமாக் குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகள் இவ்வாறு வீட்டைப் பிரிந்து வாழ்ந்தனர்.

அங்குச் சில குழந்தைகள் நலம் பெற்றதும் உண்மையே. ஆனால் வீட்டைவிட்டு நீங்கிய குழந்தை தாயை மட்டும் நீங்கவில்லை. தன் மெத்தையையும், அதிலுள்ள தூசியையும், வளர்ப்புப் பூனையையும் சேர்த்தே நீங்கியது. இவற்றுள் எது நலம் தந்தது என்று பிரித்தறியாமல் தாய்மீது தீர்ப்பு எழுதப்பட்டது. உள்ளத்தின் கலக்கம் மூச்சைப் பாதிக்கும் என்பதைப் பல்கீயின் மரபில் வந்தோர் மறுக்க வேண்டியதில்லை. நோயைத் தூண்டுவது ஒன்று, நோய்க்கு மூலமாவது வேறு என்பதை மறந்ததே இங்கு நேர்ந்த பிழை.

வரலாற்றின் விந்தை, இப்பிழையைத் திருத்திய கண்டுபிடிப்பு அதே டென்வர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்தது. அங்குப் பணிபுரிந்த கிமிஷிகே இஷிஸாகா, தெருகோ இஷிஸாகா என்னும் ஜப்பானியத் தம்பதியர், ஒவ்வாமைக்குக் காரணமான குருதிப் பொருள் ஒன்றை 1966இல் இனங்கண்டனர். சுவீடனின் உப்சாலா நகரில் யோஹான்சன், பென்னிக் ஆகிய இருவரும் வேறு வழியில் அதே பொருளை எட்டியிருந்தனர். 1968இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயரிடப்பட்டது. அதே பத்தாண்டில், வீட்டுத் தூசியில் ஒவ்வாமை விளைவிப்பது கண்ணுக்குப் புலப்படாத உண்ணிகள் என்று நெதர்லாந்தின் ஃபோர்ஹோர்ஸ்டும் அவருடைய குழுவினரும் காட்டினர். தாயின் அன்பில் தேடிய காரணங்களுள் ஒன்று தலையணையில் இருந்தது.

சுவரின் இருபுறம்

ஆசான்கள் சொன்னதை ஐயுறும் பழக்கத்துக்கு இத்துறை கண்ட சிறந்த சான்று ஜெர்மனியில் கிடைத்தது. பெர்லின் சுவர் 1989இல் வீழ்ந்தபின், மியூனிக் நகரின் குழந்தை மருத்துவர் எரிக்கா ஃபான் முட்டியுஸ், மியூனிக் குழந்தைகளைக் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக், ஹாலே நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். ஓரினம், ஒரு மொழி. இடையில் நாற்பதாண்டுப் பிரிவு. கிழக்கில் பழுப்பு நிலக்கரிப் புகை காற்றைக் கருக்கியிருந்தது. ஆகவே ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் அங்கேதான் மிகுந்திருக்கும் என்பது அனைவரின் எதிர்பார்ப்பு.

கணக்கு வேறுவிதமாக வந்தது. 9 முதல் 11 வயதுக் குழந்தைகளில், தோல் சோதனையில் ஒவ்வாமை காட்டியோர் மியூனிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கிலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவாசக்குழாய் அழற்சிதான் கிழக்கில் மிகுந்திருந்தது. புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது பொய்க்கவில்லை; ஆனால் ஒவ்வாமையின் வேர் வேறிடத்தில் இருப்பது புலனாயிற்று. ஒன்றிணைந்தபின் மேற்கத்திய வாழ்க்கை முறை கிழக்கில் பரவியது. 1991–92க்கும் 1995–96க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் லைப்சிக் குழந்தைகளிடம் மகரந்தக் காய்ச்சல் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆஸ்துமா மட்டும் அதே வேகத்தில் உயரவில்லை. வாழ்வின் முதல் சில ஆண்டுகளே மூச்சின் போக்கை வகுக்கின்றன போலும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

இதற்கு முன்பே, 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டானியக் குழந்தைகளின் ஆவணங்களை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ராச்சன், மூத்த உடன்பிறப்புகள் மிகுந்த வீட்டுப் பிள்ளைக்கு மகரந்தக் காய்ச்சல் குறைவு என்று 1989இல் எழுதியிருந்தார். இளமையில் நுண்ணுயிர்த் தொடர்பு குறைவது ஒவ்வாமைக்கு வழிகோலும் என்னும் கருதுகோள் இவ்வாறு உருப்பெற்றது. மாட்டுத்தொழுவத்தில் வளரும் குழந்தைகளை ஆல்ப்ஸ் மலைநாடுகளில் ஆராய்ந்தோரும் இதற்கு வலுவூட்டினர். 2016இல் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரு வேளாண் சமூகங்கள் ஒப்பிடப்பட்டன. வமிசத்தால் நெருங்கிய இவ்விரு பிரிவினருள், வீட்டை ஒட்டிய தொழுவத்தோடு மரபுவழி உழவு செய்யும் ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா 5 விழுக்காடு அளவே. இயந்திர வேளாண்மை செய்யும் ஹட்டரைட் குழந்தைகளிடம் 21 விழுக்காடு.

இழுப்பு என்றால் என்ன?

உலகளாவிய கணக்கெடுப்புக்கு 1991இல் ‘ஐசாக்’ என்னும் கூட்டாய்வு தொடங்கப்பட்டது. அங்கே எழுந்த முதற்சிக்கல் மொழிச் சிக்கல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் அந்தச் சீழ்க்கை ஒலிக்குப் பல மொழிகளில் நேர்ச்சொல் இல்லை. தமிழிலேயே இழுப்பு, இரைப்பு, இளைப்பு என்றும், இலங்கையில் முட்டு என்றும் வழங்கும் சொற்களின் பொருள் எல்லைகள் ஒன்றல்ல. இன்றோ ‘வீசிங்’ என்றே பலரும் சொல்லிவிடுகிறோம். இச்சிக்கலைத் தாண்ட, வளரிளம் பருவத்தினருக்கு மூச்சுத்திணறும் இளையோரின் காணொளிக் காட்சிகளைக் காட்டி, “உனக்கு இப்படி நேர்ந்ததுண்டா?” என்று வினவினர்.

1998இல் வெளிவந்த முதற்கட்ட முடிவுகள் 56 நாடுகளின் 155 மையங்களில் 13–14 வயதினர் 4,63,801 பேரை உள்ளடக்கியவை. சென்னை, நெய்வேலி, கோட்டயம் போன்ற இந்திய நகரங்களும் அவற்றுள் அடங்கும். மையத்துக்கு மையம் நோய்க்குறிகளின் அளவு இருபது மடங்குக்கும் மேல் வேறுபட்டது. இத்துணை வேறுபாட்டை மரபுவழியால் மட்டும் விளக்க இயலாது. சூழலைத்தான் ஆராய வேண்டும். ராஸீ ஒரு நோயாளியிடம் எழுப்பிய வினாவை நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் எழுப்பிய முயற்சி இது எனலாம்.

உணவிலும் இதுபோன்றதொரு திருப்பம் நேர்ந்தது. ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை தரலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆனால் குழந்தைப் பருவத்திலேயே கடலைத் தின்பண்டம் உண்ணும் இஸ்ரேலிய யூதக் குழந்தைகளைவிட, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இவ்வொவ்வாமை சுமார் பத்து மடங்கு இருப்பதைக் கிடியோன் லாக்கின் குழுவினர் 2008இல் காட்டினர். அதே ஆண்டில் பழைய அறிவுரையும் கைவிடப்பட்டது. பின்னர், கடும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி அவர்கள் ஆராய்ந்தனர். மருத்துவக் கண்காணிப்பில் சிறுவயதிலேயே கடலை உண்ட பிரிவில் ஐந்து வயதில் 3 விழுக்காட்டினருக்கும், தவிர்த்த பிரிவில் 17 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது என்று 2015இல் அறிவித்தனர். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட தவிர்ப்பே தீங்குக்குத் துணைபோயிருந்தது.

நம் வீட்டு வாசலில்

இவ்வளவையும் அறிந்தபின் நம் வீடுகளை நோக்குவோம். இந்தியாவில் ஐசாக்கின் வழித்தோன்றலாக நடந்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. இழுப்பு உடையோருள் பத்தில் எட்டுப் பேருக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் கண்டறிந்து கூறியதே இல்லை. தடுப்பு மருந்தை நாள்தோறும் உறிஞ்சுவோர் நூற்றில் மூவர்கூட இல்லை. இன்ஹேலர் என்றதும் நம் பெற்றோர் அஞ்சுகின்றனர். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும், வளர்ச்சியைக் குன்றச் செய்யும், பெண்பிள்ளையாயின் திருமணப் பேச்சு தடைபடும் என்பன அவர்கள் கூறும் காரணங்கள்.

முதல் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. இரண்டாவதற்கு அளந்த விடை உண்டு. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய அமெரிக்க, கனடியக் குழந்தைகளை வளர்ந்தபின் அளந்தபோது, உயரத்தில் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு என்று 2012இல் தெரியவந்தது. விரற்கடைக்கும் குறைவான அந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையின் நிலையோடு வைத்து எடைபோட்டால் போதும். குழாயைத் தளர்த்தும் மருந்தை மட்டும் நம்பியிருப்பது, அப்போதைக்கு ஆறுதல் தந்தாலும் உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றுவதில்லை. ஆகவே 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கு அம்முறை ஆகாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழு 2019இல் அறிவித்தது. மூன்றாவது அச்சமோ மருத்துவத்தைச் சார்ந்ததன்று. அதை நீக்க வேண்டியவர்கள் நாமே.

இழுப்பு வந்த பிள்ளையைக் கண்டதும், தாய் ஐஸ்கிரீம் கொடுத்திருப்பாள், தலையைத் துவட்டாமல் விட்டிருப்பாள் என்று பழி சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. டென்வரில் அறிவியலின் பெயரால் நடந்தது நம் கூடங்களில் உறவின் பெயரால் நடக்கிறது. பழி சொல்வதை விடுத்து ராஸீ செய்ததைச் செய்யலாம். எந்த மாதத்தில், எந்த அறையில், எதன் அருகில், எந்நேரத்தில் இழுப்பு வருகிறது என்று அத்தாய் ஒரு மாதம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், அந்தக் குறிப்பேடு சிகிச்சைக்குப் பெருந்துணையாகும். ராஸீயின் பெயரை மேடையில் முழங்குவோர் தம் வீட்டில் அப்படியொரு குறிப்பேட்டைத் தொடங்கிவைப்பார்களாயின், அம்முன்னோருக்கு நாம் செலுத்தும் நன்றி பொருளுடையதாகும்.