கபடித் தடுப்பாட்டக்காரர் மதிப்பீடு: பல்கலைக்கழகக் களத்திலிருந்து புரோ கபடி ஏலம் வரை

பல்கலைக்கழக அணிகளில் ஆடும் கபடித் தடுப்பாட்டக்காரர்களுள் யார் தொழில்முறை அணியில் நிலைப்பார் என்று முன்கூட்டியே கணிப்பது இந்தியாவில் இளைய தொழில். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கும் முறை வந்த பிறகே அதற்கு ஒரு சந்தை உருவானது. அதற்கு முன்பும் கணிப்பு இருந்தது. ஆனால் ரயில்வே, காவல்துறை, வங்கி, பொதுத்துறை நிறுவன அணிகளுக்கு ஆள் எடுத்தவர்களின் கண்ணிலும் நினைவிலும் மட்டுமே அது இருந்தது.

கபடியில் பாடிப் போகிறவரை, அதாவது ரெய்டரை, எடைபோடுவது எளிது. அவர் எடுத்த புள்ளி பலகையில் தெரிந்துவிடும். பிடிக்கிறவரை எடைபோடுவது கடினம். ஒரு பிடியில் நான்கு பேர் கை இருக்கும். புள்ளியோ முதலில் பிடித்தவர் கணக்கில் ஏறும். ரெய்டர் ஒரு பக்கம் நெருங்கவே தயங்கினால், அந்தப் பக்க ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரருக்கு அதற்காக எந்தப் புள்ளியும் கிடையாது. இந்த மதிப்பீட்டின் வரலாறு முழுவதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பை எப்படிக் காண்பது என்ற கேள்வியின் வரலாறுதான்.

விதிகளும் தடுப்பின் விலையும்

சடுகுடு ஊருக்கு ஒரு விதத்தில் ஆடப்பட்ட காலத்தில் பிடிக்கு நிலையான விலை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியப் பகுதியில் விதிகள் வகுக்கப்பட்டபோது, அவுட்டானவர் மீண்டும் உள்ளே வரும் 'சஞ்சீவனி' முறையும், வராத 'ஜெமினி' முறையும் தனித்தனியே இருந்தன. இன்றைய ஆட்டம் சஞ்சீவனி வழி வந்தது. அதனால் ஒரு பிடி மூன்று வேலை செய்கிறது: ஒரு புள்ளி தருகிறது, எதிரணி ரெய்டரை வெளியே உட்கார வைக்கிறது, வெளியே இருக்கும் தன் ஆள் ஒருவரை உள்ளே கொண்டுவருகிறது. எதிரணியின் முதன்மை ரெய்டரை ஆட்டத்தின் பாதி நேரம் வெளியே உட்கார வைக்கும் அணி தோற்பது அரிது.

ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது. இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு 1972இல் அமைந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாகச் சேர்ந்தது. அங்கு தங்கம் வென்ற இந்திய அணியில் தமிழகத்தின் ராஜரத்தினம் இருந்தார். பின்னர் அவரும் மணத்தி கணேசனும் அர்ஜுனா விருது பெற்றார்கள். அந்தத் தலைமுறைக்கு ஆட்டத்தின் பரிசு வேலைதான். ஒரு துறையின் அணியில் இடம் கிடைத்தால் வாழ்க்கை நிலைத்தது. எனவே ஆள் எடுத்தவர்கள் பத்து ஆண்டுக்கு மேல் தாங்கும் உடம்பையும் ஒழுங்கையும் தேடினார்கள். ஒரே பருவத்தில் மின்னிவிட்டுப் போகும் ஆட்டக்காரரால் அவர்களுக்குப் பயனில்லை.

புரோ கபடி விதிகள் இந்தக் கணக்கை மாற்றின. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால், மூன்றாவது 'டூ ஆர் டை': அதில் புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியேற வேண்டும். முப்பது விநாடியில் கட்டாயமாக உள்ளே வரவேண்டிய ரெய்டரைக் காத்திருந்து பிடிப்பது, விரட்டிப் பிடிப்பதிலிருந்து வேறுபட்ட கலை. பொறுமைக்கு அளக்கக்கூடிய விலை கிடைத்தது அப்போதுதான். ஒரே ஆட்டத்தில் ஐந்து பிடிப் புள்ளி எடுத்தால் 'ஹை ஃபைவ்' என்ற பெயரும் தடுப்பாட்டக்காரருக்குக் கிடைத்தது.

செங்கல்பட்டுப் பகுதி

இந்தக் கணக்கு பல்கலைக்கழகக் களத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கச் செங்கல்பட்டு ஏற்ற இடம். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் பல்கலைக்கழகங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., பல்லாவரத்தில் வேல்ஸ், பழைய மாமல்லபுரம் சாலையில் படூரில் இந்துஸ்தான், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். கடைசியாகச் சொன்னது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகள் அதன் இணைப்பில் இருக்கின்றன. பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் உருவாகும் இடம் என்பதால், ஆடுகிறவர்களைவிட ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் இடமாகவே அதை நான் கருதுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், பட்டிப்புலம், தேவனேரி, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் மீனவ ஊர்களின் பக்கம் களம் வேறு. மணலில் கால் புதைவதால் ரெய்டரின் வேகம் குறையும். பிடிக்கிறவர் பாய்ந்தாலும் உடம்பு அடிபடாது. அங்கே துணிந்து பாயப் பழகிய இளைஞர் மேட் விரித்த களத்துக்கு வந்ததும் முழங்கால், தோள்பட்டைக் காயங்களோடு திண்டாடுவார். மேட்டில் ஷூ பிடிமானம் கொடுக்கும், ரெய்டர் சட்டென்று திசை மாற்றுவார், கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் பிடி அரை நொடி பிந்தினால் கை வெறுமையாகிவிடும். கடற்கரைக் கபடி அணிக்கு நான்கு பேர் என்ற கணக்கில் தனி வடிவமாக வளர்ந்து, 2008இல் பாலியில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டிலேயே இடம்பெற்றது. நான்கு பேர் ஆட்டத்தில் தேர்ந்தவர் ஏழு பேர் சங்கிலியில் தன் இடம் அறியாமல் நிற்கலாம். ஆகவே பொங்கல் நாட்களின் மின்னொளிக் கபடிப் போட்டியில் பெயர் வாங்கியவரை நேரே தொழில்முறைக்கு எடுப்பதைவிட, இடையில் இரண்டு மூன்று ஆண்டு பல்கலைக்கழக ஆட்டத்தில் பார்ப்பது நல்லது. அங்கே மேட் உண்டு, நிலையான ஏழு பேர் உண்டு, ஒரே பயிற்சியாளர் உண்டு.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் மண்டலப் போட்டிகளில் தேறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. தென்மண்டலப் போட்டியில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து ஆட வேண்டியிருக்கும். களைத்த உடம்போடு ஆடும் கடைசி ஆட்டத்தில் ஒரு கார்னர் எப்படி நிற்கிறார் என்பது, முதல் நாளில் அவர் எடுத்த ஐந்து புள்ளியைவிட அதிகம் சொல்லும். மாநில அளவில் 2023 முதல் விரிவாக நடக்கும் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக இருப்பதும் பார்ப்பவர்களுக்கு உதவுகிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஏலத்துக்கு நேர்வழி 2022இல் திறந்தது. பெங்களூருவில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் முதல் இரண்டு இடம் பெற்ற கபடி அணிகளின் 24 ஆட்டக்காரர்கள், அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பையில் நடந்த ஒன்பதாம் பருவ ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இதற்கு முன்பே, 2017இல் தொடங்கிய 'ஃபியூச்சர் கபடி ஹீரோஸ்' திட்டம் நாடெங்கும் தேர்வு முகாம்கள் நடத்தியது. 'நியூ யங் பிளேயர்' என்ற வகையில் இளைஞர்களை ஏலத்துக்கு வெளியே அணிகள் நேரடியாக ஒப்பந்தம் செய்யும் வழியும் இருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டுக்கு இந்தியாவில் மிக நெருங்கி நிற்பவை இந்த வழிகள்தான்.

பார்க்க வேண்டியவை

ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர். ஒரு பாதி 6.5 மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. கார்னர் ஆட்டக்காரர் இந்த எண்களை உடம்பால் அறிந்திருக்க வேண்டும். ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருக்கும்போதுதான் போனஸ் உண்டு. அப்போது ரெய்டரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும், மற்றொன்று காற்றில் இருக்கும். ஆங்கிள் பிடிக்கு அதைவிட நல்ல நொடி இல்லை. ஆனால் போனஸுக்குப் போகிற மாதிரி காட்டி அவர் இழுப்பதும் அதே நொடியில்தான். தேர்ந்த கார்னர் ரெய்டரின் கண்ணைப் பார்க்க மாட்டார், இடுப்பைப் பார்ப்பார்.

கவர் ஆட்டக்காரரின் வேலை வேறு. கார்னர் காலைப் பிடித்ததும் ரெய்டர் நடுக்கோட்டை நோக்கி இழுப்பார். அந்த வழியை உடம்பால் அடைப்பது கவர். வழி மறிக்கும் பிளாக், மோதித் தள்ளும் டேஷ், தொடைப் பிடி ஆகியவை அவரது ஆயுதங்கள். டேஷ் அடிக்கும்போது தானும் கோட்டுக்கு வெளியே போய்விடாத சமநிலையை முதலில் சோதிக்க வேண்டும். எடைக்கு 85 கிலோ என்ற மேல்வரம்பு இருப்பதால், வெறும் பருமனால் யாரும் கவர் ஆகிவிட முடியாது.

எண்களில் மூன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: வெற்றிப் பிடி, தவறிய பிடி, தானாக வெளியே போனது. ஒரு ஆட்டத்தில் நான்கு பிடித்து ஆறு தவறவிட்டவர் அணிக்குச் சுமை; இரண்டு பிடித்து ஒன்றைத் தவறவிட்டவர் தூண். தவறான நேரத்தில் முன்னேறிப் பாயும் 'அட்வான்ஸ் டேக்கிள்' கல்லூரி ஆட்டத்தில் அதிகம் தெரியும் குறை. அங்கே ரெய்டர்கள் மெதுவானவர்கள் என்பதால் அது பலமுறை பலித்தும்விடுகிறது, லீக்கில் பலிக்காது. என் கருத்தில் இதுவே கல்லூரித் தடுப்பாட்டக்காரரை மதிப்பிடுவதில் மிகப் பெரிய பொறி. பிடி வெற்றியானதா என்று கேட்பதற்கு முன், தேர்ந்த ரெய்டர் எதிரே இருந்திருந்தால் அது வெற்றியாகியிருக்குமா என்று கேட்க வேண்டும்.

எண்களை எவ்வளவு சேர்த்தாலும் தவறு நேரலாம் என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து சான்று. அங்கே டிராஃப்ட் 1936இல் தொடங்கியது. ஆட்டக்காரர்களை ஒரே இடத்தில் கூட்டி அளக்கும் தேசிய முகாம் 1982இல் வந்து, 1987 முதல் இண்டியானாபொலிஸில் நிலைத்தது. முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் அங்கே 40 கஜம் ஓடிக் காட்டுகிறார்கள், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்க முடியும் என்று காட்டுகிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டொனால்ட் அந்த இடத்துக்கு உயரம் போதாதவர் என்று பலராலும் எண்ணப்பட்டு, 2014இல் பதின்மூன்றாவதாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு 2017, 2018, 2020 என மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். இவ்வளவு அளந்த பிறகும் தவறு நடந்தது. அளவை வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. கையும் காலும் சேரும் நேரத்தை அளக்கும் கருவி அவர்களிடமும் இல்லை.

ஏலத்தில் தடுப்பின் விலை

2014இன் முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை ராகேஷ் குமாருக்குப் பாட்னா கொடுத்த 12.80 லட்சம் ரூபாய். 2018இல் ஆறு பேர் ஒரு கோடியைத் தொட்டார்கள். அவர்களில் முதலில் தொட்டவர் ரெய்டர் அல்லர். அவர் ஈரானின் இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலி; அவரை யு மும்பா எடுத்தது. அதே ஆறாம் பருவத்தில் உ.பி. யோத்தாவின் நிதேஷ் குமார் ஒரே பருவத்தில் 100 பிடிப் புள்ளி எடுத்த முதல் ஆட்டக்காரர் ஆனார். 2023இல் ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயியைப் புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தின் கோப்பையும் புனேக்கே போனது. ஆயினும் அதே ஏலத்தின் உச்ச விலை, 2.605 கோடி, ரெய்டர் பவன் செராவத்துக்கே.

தமிழ்நாட்டில் இந்த மதிப்பீட்டுக்கு அளவுகோலாக நிற்பவர் தஞ்சாவூர் மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன், வலது கார்னர். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாற்பது வயதைக் கடந்தும் லீக்கில் ஆடினார். எந்த அணிக்குப் போனாலும் வடநாட்டு இளைஞர்களும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள். வேகம் குறைந்த வயதில் அவரை நிறுத்தியது முன்னறிவு: ரெய்டர் எந்தக் காலை வைப்பார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. இருபது வயது மாணவரிடம் அந்த அறிவின் முளையைக் காண முடியுமா என்பதே ஆள் எடுப்பவர் தேட வேண்டியது.

தமிழ் தலைவாஸ் 2017இல் ஐந்தாம் பருவத்தில் நுழைந்து நீண்ட காலம் தடுமாறியது. ஒன்பதாம் பருவத்துக்குப் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயம்பட்டு வெளியேறினார். வலது கார்னர் சாகர் ராட்டீ தலைமை ஏற்றார். இடது கார்னரில் சாகில் குலியா, கவரில் தமிழகத்தின் மா. அபிஷேக், ரெய்டில் இளைஞர் நரேந்தர் என ஆடிய அணி முதல் முறையாக அரையிறுதியை எட்டியது. அந்தப் பருவத்தில் அணியை நிறுத்தியது பெருந்தொகை அல்ல, சேர்ந்து ஆடிப் பழகிய தடுப்பு வரிசை என்பதே என் முடிவு.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் அடைபட்டே இருக்கிறது. 2010 முதல் ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி உண்டு; 2018 தவிர எல்லா முறையும் இந்தியா தங்கம் வென்றது. ஆனால் 2016இல் புரோ கபடியோடு சேர்ந்து மூன்று அணிகள் ஆடிய பெண்கள் கபடிச் சேலஞ்சை லீக் தொடர்ந்து நடத்தவில்லை. பல்கலைக்கழக அணியில் நான்காண்டு கார்னர் ஆடிய ஒரு மாணவியை இன்றும் எடைபோடுவது ரயில்வே, காவல்துறை போன்ற அணிகளும், விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் மாநிலம் ஒதுக்கும் 3 சதவீத இடங்களும்தான்.