16383-க்கு அப்பால்

1992-ல் ஒரு கடைக்கு டர்போ சி-யில் வசூல் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மாத வசூல் 32,500 ரூபாயில் இருந்தபோது இன்னொரு 640 ரூபாயைச் சேர்த்தார்கள். திரையில் -32,396 என்று வந்து நின்றது. "தம்பி, நான் வித்தேனா, கடன் வாங்கினேனா?" என்றார் முதலாளி. 16 பிட் எண் 32,767-ஐத் தாண்டி மறுகோடிக்குப் போயிருந்தது. மொழி வாயே திறக்கவில்லை.

அந்தக் கூச்சம் போகாமல்தான் பின்னாளில் ஸ்மால்டாக்கின் கதையைப் படித்தேன். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே கனவு கண்ட மொழி அது. அதில் எண்ணும் ஓர் ஆப்ஜெக்ட்தான். 3 + 4 என்றால் 3-க்கு ஒரு செய்தி போகிறது. உடன் 4 போகிறது. 1972-ல் டான் இங்கால்ஸ் பேசிக்கில் எழுதிய முதல் வடிவம் இந்த 3 + 4-ஐத்தான் ஆடி அசைந்து 7 என்றது. 1976-ல் வேகம் கூட்ட அவரே பைட்கோடு எனும் சுருக்கக் கட்டளைகளைக் கொண்டுவந்தார்.

ஆனாலும் ஒவ்வொரு கூட்டலுக்கும் அந்தச் செய்திக்கான மெதடைத் தேடிப் போனால் கட்டுப்படியாகாது. ஸ்மால்டாக்-80 அதற்கு ஒரு குறுக்குவழி வைத்தது. 16 பிட் சொல்லின் கடைசி பிட் 1 என்றால் அது முகவரி அல்ல, எண்ணேதான். மிச்சம் 15 பிட். -16384 முதல் 16383 வரை கொள்ளும். கூட்டலுக்கென்றே 176-ஆம் பைட்கோடு. அதைக் கண்டதும் இன்டர்பிரெட்டர் இரண்டு விஷயம் பார்க்கும்: இரண்டும் சின்ன எண்களா, விடை எல்லைக்குள் நிற்கிறதா? சரியென்றால் செய்தி அனுப்பாமலே விடையை ஸ்டாக்கில் வைத்துவிடும். எதிலாவது தட்டினால் அப்போதுதான் நிஜமாகவே செய்தி போகும். ஸ்மால்டாக்கிலேயே எழுதிய மெதட் இலக்கம் இலக்கமாகக் கணக்கிட்டுப் பெரிய எண்ணொன்றை உருவாக்கித் தரும்.

பெருக்கலுக்கும் இதே ஏற்பாடு. 7-இன் ஃபேக்டோரியல் 5040, குறுக்குவழியில் முடிந்துவிடும். 8-க்கு வந்தால் 40320. வழி மாறும், விடை மாறாது. எழுதியவருக்கு மாறியதே தெரியாது.

கூட்டலுக்குக் கூட்டல் சோதனையா என்று கேட்கலாம். 1980-களில் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனும் டேவிட் அங்கரும் சோர் என்ற சிப்பில் அந்தச் சோதனையை ஹார்டுவேரிலேயே வைத்தார்கள்: கூட்டலும் சோதனையும் ஒரே நேரத்தில்.

புதிய மொழி எதில் கை வைத்தாலும் முதலில் பெரிய எண்கள் இரண்டைக் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுவிடுவது நல்லது.