தேடும் விரல், திறக்கும் விரல்: தொடுதிரை பேசத் தொடங்கிய வரலாறு

பட்டன் போன்களில் 5 என்ற எண்ணின் மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். பார்வையற்ற ஒருவருக்கு அதுதான் ஊர் நடுவே நிற்கும் மணிக்கூண்டு. விரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்களுக்கு வழி தெரிந்துவிடும். 2007-இல் ஆப்பிள் வெளியிட்ட முதல் ஐபோனில் அந்த மேடு இல்லை. வழவழப்பான கண்ணாடி மட்டுமே இருந்தது; தெரியாமல் விரல் பட்டாலே ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானும் அதில் கிடையாது. இரண்டே ஆண்டுகளில் அதே கண்ணாடி பார்வையற்றோரின் கைக்கு இசைந்தது எப்படி? போன் பேசத் தொடங்கியதால் என்பது வழக்கமான விடை. அந்த விடை போதாது. தேடுவதற்கான தொடுதலையும் திறப்பதற்கான தொடுதலையும் தனித்தனியாகப் பிரித்ததே உண்மையான திருப்பம் என்று கருதுகிறேன்.

குரல் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. 1980-களில் எழுத்து மட்டுமே கொண்ட கணினித் திரைகளை வாசிக்கும் மென்பொருள்கள் இருந்தன. படங்களும் சின்னங்களும் நிறைந்த மெக்கின்டோஷ் திரைக்கு 1989-இல் அவுட்ஸ்போக்கன் வந்தது. நோக்கியாவின் சிம்பியன் போன்களில் டாக்ஸ், மொபைல் ஸ்பீக் என்ற திரைவாசிப்பான்கள் ஓடின. அவற்றைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். போனுக்கு ஒரு விலை, அது பேசுவதற்கு இன்னொரு விலை. 2008-இல் நோக்கியா என்82 போனின் கேமராவால் அச்சுத்தாளைப் படம்பிடித்து வாசிக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. ஆனால் இவை எல்லாமே பட்டன்களை நம்பியவை.

கண்ணாடிக்கான விடை பல இடங்களில் உருவானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் 1990-களிலேயே பொது இடத் தொடுதிரைகளுக்கு ஒரு முறையை வகுத்திருந்தார். விரல் திரையில் ஊர்ந்தால் கீழே இருப்பதன் பெயர் மட்டும் ஒலிக்கும்; திறப்பதற்குத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டும். 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேன், பிகாம், வோப்ராக் மூவரும் ‘ஸ்லைடு ரூல்’ ஆய்வில் அந்தத் தனிப் பொத்தானையும் நீக்கினர். ஒரு விரல் தேடும், இரண்டாவது விரல் தட்டினால் திறக்கும். பார்வையற்ற 10 பேர் அதைப் பட்டன் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். தொடுதிரையில் வேகம் கூடியது, தவறுகளும் கூடின. ஆனாலும் 7 பேர் தொடுதிரையையே விரும்பினர். தவறு கூடியும் அதை விரும்பினார்கள் என்பதை நான் முக்கியமாகக் கொள்கிறேன். தவறினாலும் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையை அந்த முறை தந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் கூகுளில் டி.வி.ராமன் வேறொரு கோணத்தில் யோசித்தார். புனேயில் வளர்ந்து பதின்ம வயதில் பார்வையை இழந்தவர் அவர். கணிதச் சமன்பாடுகளைக் காதுக்குப் புரியும்படி வாசிக்கும் மென்பொருளை உருவாக்கி 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கண்ணாடியில் 5 எங்கே என்று விரல் ஏன் தேட வேண்டும் என்பது அவர் கேள்வி. விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுவே 5. அங்கிருந்து மேல் இடப்பக்கம் நகர்த்தினால் 1, கீழ் வலப்பக்கம் என்றால் 9. எண் தவறினால் போனைக் குலுக்கினால் போதும், அழிந்துவிடும். காணாமல் போன மேட்டை விரலோடு கூடவே வரவழைத்த இந்த யோசனை பொது வழக்காக நிலைக்கவில்லை. ஆயினும் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ்-இல் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் வந்தது. விரல் ஊர்ந்தால் பெயர் கேட்கும், இருமுறை தட்டினால் திறக்கும். இது தானாகக் கனிந்ததன்று. ஆப்பிளின் இசை மென்பொருளான ஐடியூன்ஸ் தங்களுக்கு எட்டவில்லை என்று அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு போராடி, 2008 செப்டம்பரில் ஆப்பிளோடு உடன்பாடு கண்டிருந்தது. வாய்ஸ்ஓவரில் சைகைகளைவிடப் பெரிய மாற்றம், அது போனுக்குள்ளேயே கூடுதல் விலையின்றி இருந்ததுதான். கடையில் அனைவரும் வாங்கும் அதே பெட்டியை வாங்கி, அதே நாளில் பயன்படுத்த முடிந்தது.

ஆண்ட்ராய்டு மெதுவாகவே வந்து சேர்ந்தது. 2009 செப்டம்பரில் 1.6 பதிப்போடு டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வந்தாலும், உருளைப் பந்தோ அம்புக்குறி விசைகளோ உள்ள போன்களில்தான் அது உதவியது. கண்ணாடி ஊமையாகவே இருந்தது. 2011-இல் வந்த 4.0 பதிப்பில்தான் விரல் ஊரும் இடமெல்லாம் பேசியது. புதுப் போனின் முதல் திரையில் விரலால் ஒரு செவ்வகம் வரைந்தால், யார் துணையுமின்றி அந்த வசதி அப்போது விழித்துக்கொண்டது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களே பெருகிய நம் நாட்டில், பெரும்பாலோருக்கு வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எழுத்தைக் குரலாக்குவதில் தமிழுக்குச் சிக்கல் வேறு. ‘க’ என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், மகன் என்ற மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்து நிற்கும் இடத்தைப் பார்த்து விதி எழுதிவிடலாம்; காந்தியும் பஸ்ஸும் வந்ததும் விதி உடைந்துவிடும். திறந்த மூலக் குரல் மென்பொருளான ஈஸ்பீக் தமிழையும் பேசியது, ஆனால் இயந்திரக் குரலில். சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்கு இயல்பான குரல்களை உருவாக்கின. ஆனாலும் பழகிய பயனர் பலர் இயந்திரக் குரலை விடுவதில்லை. வாசிப்பு வேகத்தைப் பல மடங்கு கூட்டினாலும் அதன் எழுத்துகள் குழையாமல் கேட்கும். இனிமையைவிடத் தெளிவு தேவைப்படும் காது அது.

செயலிகள் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. 2016-க்குப் பிந்தைய ரூபாய்த் தாள்களில் 200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் அகலம் 66 மில்லிமீட்டர்தான். நீளத்தில் 4 மில்லிமீட்டரே வேறுபாடு. விரலால் அளந்து பழகியவர்கள் திணறினார்கள். 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. தாளைக் கேமரா முன் பிடித்தால் மதிப்பைச் சொல்லும், இணையம் வேண்டாம். ஆனால் தொடக்கத்தில் அது பேசியது இந்தியும் ஆங்கிலமும்தான்.

தேடும் விரலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: தொட்ட இடத்துக்குப் பெயர் இருக்க வேண்டும். செயலியை எழுதுபவர் ஒரு படப் பொத்தானுக்குப் பெயர் இடாவிட்டால், திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும். அடுத்ததும் ‘பட்டன்’, அதற்கடுத்ததும் ‘பட்டன்’. பணம் அனுப்புவது எது, ரத்து செய்வது எது? ஒரு வரி எழுத மறந்ததற்கு மற்றொருவர் தன் பணத்தைப் பணயம் வைக்க நேர்கிறது. வங்கிக் கணக்குக்காக ஆளை அடையாளம் உறுதிசெய்யும் கேஒய்சி சோதனையோ கண் சிமிட்டச் சொன்னது, வட்டத்துக்குள் முகத்தை நிறுத்தச் சொன்னது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகளை ஏற்கும்படி கேஒய்சி முறையைத் திருத்தவும் உத்தரவிட்டது.