கொடைக்கானலில் ஒரு கருவிக்காரர்

கொடைக்கானல் டூர் போகாத பேட்ச் நம் கல்லூரியில் இருக்காது. ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ், குளிருக்கு இதமாக ஒரு டீ, அத்தோடு இறங்கிவிடுவோம். மேலே இருக்கும் சூரிய ஆய்வகத்தை எட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நானும் அன்றைக்கு, "அங்கே என்னப்பா இருக்கு?" என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தவன். டிசைன் வேலைக்கு வந்து பத்து வருஷம் கழித்துத்தான், அங்கே உழைத்த ஒருவரின் அருமை எனக்குப் புரிந்தது. அவர் பெயர் ஜான் எவர்ஷெட்.

முதலில் ஆய்வகத்தின் கதை. 1876-78-ல் தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும். பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் இடம் பார்த்து, 1899-ல் சென்னை வானாய்வகத்தின் வேலையை இங்கே மாற்றினார்கள். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அது 1914-க்குப் பிறகு வந்த வசதி. அடிவாரத்திலிருந்து எல்லாச் சாமானும் ஆள் சுமையாகத்தான் ஏற வேண்டும். ஒரு ஸ்குரூ குறைந்தால்கூடக் கடைக்கு ஓட முடியாத இடம்!

அந்த இடத்துக்கு 1907-ல் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். 1864-ல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். தொழில்முறை வானியலாளர் அல்ல. ரசாயனத் தொழிலில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே சொந்தமாக ஆய்வகம் அமைத்து, ஓய்வு நேரத்தில் சூரியனைப் படித்தவர். 1898 கிரகணத்தைப் படமெடுக்க இந்தியாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருந்தார். முழுநேர வானியல் வேலை கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மனைவி மேரியும் வானியல் அறிந்தவர். இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் செய்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி 1904 முதல் இங்கே இருந்தது. இன்றைய ஸ்கேனர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய பிளவு சூரிய பிம்பத்தின் மேல் நகரும். இன்னொரு பிளவு ஒரே ஒரு நிறத்தை மட்டும் வடித்து விடும். கீற்றுக் கீற்றாக முழுப் படமும் தட்டில் பதியும். கால்சியம் வாயுவின் ஒளியில் படமெடுக்க அது போதும். ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் எடுக்க இன்னொரு கருவி தேவைப்பட்டது. நாமாக இருந்தால் கேட்டலாக் பார்த்து இண்டென்ட் போட்டிருப்போம். எவர்ஷெட் என்ன செய்தார் தெரியுமா? 1911-ல் தானே ஒரு துணைக் கருவியைக் கட்டி, பழைய கருவியின் துல்லியமான நகர்வையே அதற்கும் பயன்படுத்திக்கொண்டார். இருப்பதில் எது நன்றாக வேலை செய்கிறதோ அதைத் தொடாதே; இல்லாததை மட்டும் சேர். டிசைனில் இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் பெயர் நிலைத்தது அதற்கும் முந்தைய ஒரு வேலையால். 1908-ல் அமெரிக்காவின் ஹேல், கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அங்கே வாயு சுழல்போலச் சுற்றுகிறது என்பது அன்றைய கருத்து. தானே பொருத்தி அமைத்த நிறமாலைக் கருவியோடு 1909 ஜனவரியில் எவர்ஷெட் பார்த்தபோது, நிறமாலைக் கோடுகள் விலகியிருந்தன. ஆனால் சுழலுக்கு ஏற்றபடி அல்ல. பிளவைப் பல திசைகளில் திருப்பிப் பார்த்தார். புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு, மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று தெரிந்தது. பெரியவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகவில்லையே என்று அளவைத் திருத்தவில்லை. கண்டதை அப்படியே வெளியிட்டார். தன் கையால் செய்த கருவி; அதன் குணமும் குறையும் அவருக்கு அத்துபடி. துணிச்சல் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் அது 'எவர்ஷெட் விளைவு'.

எல்லாமே வெற்றி என்றும் சொல்ல முடியாது. ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதிக்க 1922 கிரகணத்துக்கு ஆஸ்திரேலியாவின் வாலால் போனார். கருவிக் கோளாறால் பலன் கிட்டவில்லை. 1923-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் சொந்த ஆய்வகம். திரவம் நிரப்பிய பெரிய பட்டகங்கள் செய்து ஆராய்ந்தார். 1956-ல் மறைந்தார்.

அவர் காலத்துத் தட்டுகளோடு தொடர்ந்து சேர்ந்த படங்கள் நூறு ஆண்டைத் தாண்டிய சூரிய வரலாறாகி, இன்று கணினியிலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. 2008-ல் இந்திய அஞ்சல் துறை எவர்ஷெட் விளைவுக்குத் தபால்தலை வெளியிட்டது.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சாஃப்ட்வேரில் படம் வரைவது டிசைனில் பாதிதான். ஒர்க்‌ஷாப்பில் கை அழுக்காகட்டும். நீங்கள் செய்த பொருள் சொல்லும் அளவு, மேலதிகாரிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அதை அப்படியே எழுதுங்கள். அடுத்த கொடைக்கானல் டூரில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.